ஸ்டே கம்பியில் மின்சாரம் இல்லை

வடகரை சேக் மைதீனுக்காக நான் பதினான்கு மனு எழுதினேன். பதினான்கும் வெற்றி. தென்காசியில் தாலுகா ஆபீசுக்கு எதிரே வேப்பமரத்தடியில் முப்பத்தொரு வருஷமாக மனு எழுதிப் பிழைக்கிறவன் நான். பட்டா, வாரிசு, முதியோர் பென்சன் என்று எழுதிக் குவித்ததில் பாதி எந்த மூலையில் மக்கிக் கிடக்கிறதென்று எனக்கே தெரியாது. ஆனால் சேக் மைதீனின் மனு ஒவ்வொன்றுக்கும் ‘தங்கள் புகார் தீர்க்கப்பட்டது’ என்று செல்போனில் செய்தி வந்துவிட்டது. அப்படி ஒரு கைராசி எனக்கு அதுவரை வாய்த்ததில்லை. அவர் கடைசியில் போலீஸ் ஸ்டேஷனில் போய் உட்கார வேண்டி வந்தது என்பது வேறு விஷயம். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

சேக் மைதீன் சவுதியில், தம்மாம் நகரில் இருபத்திரண்டு வருஷம் தண்ணீர் லாரி ஓட்டிவிட்டு ஊர் திரும்பியவர். வீடு வடகரையில், வாய்க்கால் கரையில். வாய்க்காலுக்கு அந்தப்பக்கம் தென்னந்தோப்பும் நாலு தெருவும். பாலம் கிடையாது, ஒரு கல்பலகைதான். குற்றாலத்தில் சாரல் தொடங்கினால் வடகரையிலும் தூறும், பலகையில் பாசி பிடித்துவிடும். பலகையின் ஓரத்தில் ஒரு மின்கம்பம் நிற்கிறது. கம்பம் சாயாமல் இருக்க அதன் உச்சியிலிருந்து தரைக்கு இழுத்துக் கட்டியிருக்கும் கம்பிக்கு ஸ்டே கம்பி என்று பெயர். வடகரைக்காரன் பலகையில் கால் வைக்கும்போது கை தானாக அந்தக் கம்பிக்குப் போய்விடும். நாற்பது வருஷப் பழக்கம். கம்பி முழுக்கத் துருவேறிக் கிடக்க, கை படுகிற அந்த ஒரு முழம் மட்டும் பளபளவென்று இருக்கும்.

ஆனி மாதம் முதல் சாரலில் அந்தக் கம்பி முருகம்மாளைப் பிடித்தது. முருகம்மாள் இரண்டு எருமை வைத்துப் பால் ஊற்றுகிறவள். புருஷன் இல்லை, மகன் திருப்பூரில், மருமகள் மாரிச்செல்வி கூட இருக்கிறாள். ஐம்பத்தைந்து வயதிலும் இரண்டு கையிலும் பால்கேனோடு நாலு தெருவையும் ஓட்டமும் நடையுமாகச் சுற்றி வருவாள். அன்று கம்பியைத் தொட்டவள் கேனோடு வாய்க்காலில் போய் விழுந்தாள். சத்தம் கேட்டு ஓடிவந்து தூக்கியவர் சேக் மைதீன்.

“எண்ணே, கம்பி கடிக்குதுண்ணே!” என்றாளாம். “தோள்பட்ட வரைக்கும் சுருக்குனு ஏறிட்டு. சவத்த மூதி, மூணு லிட்டரு பாலும் போச்சு.”

“கரண்டு வருது முருகம்மா. ஆபீசுல சொல்லணும். நாளைக்கே சொல்லுதேன்” என்றார் சேக் மைதீன். இந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் அந்த மனுசன் மூன்று மாதமாக அலைந்தார்.

ஊரில் அதற்குக் கரண்டாபீசு என்று பெயர். வாசலில் ‘மின்நல்கு வாரியம், பிரிவு அலுவலகம்’ என்று எழுதியிருக்கும். புகார்ப் பிரிவில் நிர்மலாதேவி என்று ஒரு அம்மாள். நல்ல மாதிரிதான். கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே கேட்டாள்.

“என்ன பாய், சப்ளை இல்லையா?”

“சப்ளை இருக்கும்மா. இருக்கக்கூடாத எடத்துல இருக்கு.”

நிர்மலாதேவி கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டாள். கம்ப்யூட்டரில் புகாருக்கு ஏழு வகை உண்டு. வீட்டில் மின்சாரம் இல்லை, தெருவில் மின்சாரம் இல்லை, ஊரில் மின்சாரம் இல்லை என்று ஏழும் இல்லை என்பதையே ஏழு விதமாகக் கேட்பவை. இருக்கிறது என்று புகார் கொடுக்க வாரியத்தில் வழியே வைக்கவில்லை. 

“மின்சாரம் இருக்குன்னு இதுவரை யாரும் வந்து அழுததில்ல பாய்” என்றாள். “சரி, கம்பிக்கு இணைப்பு எண் சொல்லுங்க.”

“ஸ்டே கம்பிக்கு ஏதும்மா நம்பரு?”

“நம்பர் இல்லாம உள்ளயே போகாதே. ஒங்க வீட்டு நம்பரச் சொல்லுங்க. வகை ஒண்ணுன்னு போட்டு விடுதேன்.”

அரை மணி நேரத்தில் ஒரு ஆள் சேக் மைதீன் வீட்டுக்கு வந்தார், சுவிட்சைத் தட்டினார், விளக்கு எரிந்தது, கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். செல்போனில் செய்தி வந்தது. தங்கள் புகார் தீர்க்கப்பட்டது. மின்சாரம் வாழ்வின் ஒளி. பதினான்கில் சேராத வெற்றி அது. அதற்குப் பிறகுதான் அவர் என் மரத்தடிக்கு வந்தார்.

“அண்ணாச்சி, நல்லா உறைக்கிற மாதிரி ஒரு மனு எழுதுங்க” என்றார்.

எனக்கு என் எழுத்தில் கொஞ்சம் கர்வம் உண்டு. ‘ஸ்டே கம்பியில் கரண்டு அடிக்கிறது’ என்று தொடங்கி ஒன்றரைப் பக்கம் உருக்கமாக எழுதினேன். இரண்டே நாளில் சிவப்பு மையில் சுழித்துத் திரும்பி வந்தது. கரண்டு என்பது வாரியம் ஏற்ற சொல் அன்று, கையேட்டைப் பார்க்கவும். கையேட்டையும் பார்த்தேன். ‘மின்சொல் விளக்கக் கையேடு’, இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம், வழவழ தாள். அதில் முதல் பக்கத்தில் இப்படி இருந்தது:

மின்சாரம்: வாரியத்தால், இணைப்பு எண் பெற்ற நுகர்வோருக்கு, அளவி வழியாக நல்கப்படுவது. பயன்கள்: வீடு, வணிகம், வேளாண்மை, வழிபாட்டுத் தலம், இதர.

நான் பள்ளிக்கூடத்தில் படித்த மின்சாரம் வேறு மாதிரி இருந்ததாக ஞாபகம். அதற்கு இணைப்பு எண்ணும் தேவைப்படவில்லை, அளவி என்கிற மீட்டரும் தேவைப்படவில்லை.

வாரியத்தின் சொல்லிலேயே திருத்தி எழுதி, நானும் கூடவே போனேன். உதவிப் பொறியாளர் தளவாய் எங்களை உட்காரச் சொன்னார். முப்பத்தைந்து வயதிருக்கும். நெற்றியில் பளிச்சென்று திருநீறு, மேஜையில் அந்தக் கையேடு. பொறுமையாகவே பேசினார்.

“பாய், ஒங்க மனுவுல மின்சாரம்னு எழுதியிருக்கீங்க. மின்சாரம்னா யாராவது ஒருத்தர் அத வாங்கியிருக்கணும். அந்தக் கம்பில வருதுன்னு சொல்லுதீங்களே, அத வாங்குதது யாரு?”

“யாரும் வாங்கல சார். தொட்டா அடிக்குது.”

“வாங்காம எடுத்தா அதுக்குப் பேரு திருட்டு. அங்கன வருதுன்னு தெரிஞ்ச ஒரே ஆளு நீங்கதான். நான் அதுக்கு மேல கேக்க விரும்பல.”

சேக் மைதீன் என்னைப் பார்த்தார். நான் கையேட்டைப் பார்த்தேன்.

“யாருமே வாங்கல, யாரும் திருடலன்னா, அப்ப அது மின்சாரம் கெடையாது” என்றார் தளவாய். “வேற என்னவோ. அதுக்கு நாங்க பொறுப்பில்ல. ஆனாலும் மக்கள் குறைன்னு வந்துட்டீங்க. ஆய்வுக்கு வாரோம்.”

சொன்னபடி வந்தார். ஜீப்பில் வந்தார். கூட லைன்மேன் பேச்சிராஜ். நாலு தெரு ஜனமும் வாய்க்கால் கரையில் கூடிவிட்டது. தளவாய் முதலில் செல்போனை எடுத்து எல்.சி. கேட்டார். எல்.சி. என்றால் லைனை அணைத்துவிட்டோம், தைரியமாகக் கை வைக்கலாம் என்று துணைமின் நிலையம் கொடுக்கும் உத்தரவாதம். ஊரில் மின்விசிறியெல்லாம் நின்றது. மசூதியில் ஓதிக்கொண்டிருந்த மைக்கும் நின்றது. எல்.சி. கிடைத்துவிட்டது என்று சொன்ன பிறகு பேச்சிராஜ் கம்பியின் பளபளத்த இடத்தில் டெஸ்டரை வைத்தார். டெஸ்டர் எரியவில்லை.

“எழுதிக்கோ. மின்சாரம் இல்லை” என்றார் தளவாய்.

கூட்டத்திலிருந்து முருகம்மாள்தான் முதலில் வாயைத் திறந்தாள். “ஏன்யா, லைன அமத்திட்டுப் பாத்தா எப்படிய்யா எரியும்? அடுப்ப அணச்சிட்டுக் கொதிக்குதான்னு பாக்குத மாதிரியில்லா இருக்கு!”

ஜனம் சிரித்தது. தளவாய் சிரிக்கவில்லை. “லைன்ல மின்சாரம் இருக்கும்போது ஊழியர் யாரும் கம்பத்துப் பக்கம் போகக்கூடாதும்மா. அது பாதுகாப்பு விதி. ஆபத்துல்லா?”

“அப்ப ஆபத்து இருக்குன்னு ஒத்துக்கிடுதீங்க.”

“ஊழியருக்கு ஆபத்து. பொதுமக்களுக்கு இல்ல. பொதுமக்கள் கம்பியத் தொடக்கூடாதுன்னு தனி விதி இருக்கு.”

ஜீப் போன பிறகு விசிறிகள் சுற்றத் தொடங்கின. அன்று சாயந்திரம் தூறியது. தெருநாய் ஒன்று கம்பியில் உரசிச் செத்துக் கிடந்தது. செல்போனில் செய்தியும் வந்திருந்தது, புகார் தீர்க்கப்பட்டதென்று.

அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் ஒன்றையொன்று பார்த்து எழுதியது போலத்தான் இருக்கும். மழையில் வந்து பாருங்கள் என்று எழுதினால், மழையில் ஆய்வு செய்யக்கூடாது, ஆபத்து என்று பதில். லைனை அணைக்காமல் பாருங்கள் என்று எழுதினால், விதிமீறலுக்குத் தூண்டுகிறீர் என்று பதில். நாய் செத்ததை எழுதினேன். கால்நடைத் துறைக்கு அனுப்பிவிட்டார்கள். அந்தத் துறை தெருநாய் கால்நடை ஆகாது என்று எழுதி முடித்துவைத்தது. அதுவும் எங்கள் கணக்கில் ஒரு வெற்றி. ஆய்வு மட்டும் இன்னும் இரண்டு தடவை நடந்தது. இரண்டு தடவையும் எல்.சி. வாங்கி, டெஸ்டர் வைத்து, எழுதிக்கொண்டு போனார்கள்.

மூன்றாவது ஆய்வு முடிந்த அன்று பேச்சிராஜ் ஜீப்பில் ஏறாமல் பின்தங்கி, சேக் மைதீன் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்தார். “மேல லைனத் தாங்குத பீங்கான் கிண்ணம் ஒடஞ்சிருக்கு பாய்” என்றார். “மழைத்தண்ணி எறங்கினா கம்பில கரண்டு எறங்குது. கிண்ணத்த மாத்தினா கால் மணி நேர வேல.”

“மாத்துமேன் தம்பி. நான் வாங்கித் தாரேன்.”

“வெளிச் சாமான் போடக்கூடாது. ஸ்டோர்ல வாங்கணும்னா பழுதுன்னு ரிப்போர்ட்டு வேணும். பழுதுன்னு எழுதணும்னா ஆய்வுல கரண்டு இருக்கணும். நான் எப்படிப் பாய் எழுத? டெஸ்டர் எரியலியே.” சொல்லிவிட்டுச் செம்பைத் தரையில் வைத்தார். நெஞ்சில் ஈரமுள்ள ஆள்தான். எட்டு வருஷம் ஒப்பந்த ஊழியராகக் கிடந்து போன வருஷம்தான் நிரந்தரமானவர்.

சேக் மைதீன் தன்னால் ஆனதைச் செய்தார். கம்பியில் சிவப்புத் துணி கட்டினார், பழைய செருப்பு ஒன்றையும் தொங்கவிட்டார். சாரல் விழுந்தால் போதும், குடையோடு கல்பலகைக்கு வந்துவிடுவார். கையில் ஒரு பிளாஸ்டிக் குழாய். பலகையில் கால் வைக்கிறவர்கள் கம்பிக்குப் போகிற கையைத் திருப்பி அவர் நீட்டும் குழாயைப் பிடித்துக்கொண்டு தாண்டுவார்கள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள், நூறுநாள் வேலைக்காரிகள், தேங்காய் வெட்டுகிறவர்கள் எல்லாருக்கும் அதுதான் பாலம். தொழுகைக்குக்கூடத் தூறல் விட்ட பிறகுதான் போவார். அவர் சம்சாரம் நூருன்னிசா வாசலில் நின்று, “ஒங்களுக்கு அரசாங்கம் சம்பளமா குடுக்கு?” என்று கத்துவாள். பிறகு அவளே தேத்தண்ணி கொண்டுவந்து கொடுப்பாள்.

முருகம்மாள் ஒரு நாளைக்கு நாலு தடவை தாண்டுவாள். “எங்கண்ணன் சவுதில லாரி ஓட்டி, வடகரையில குழாய் ஓட்டுதாரு” என்பாள். ஆனால் குழாயை இறுக்கிப் பிடிப்பாள். ஒரு தடவை மெதுவாகச் சொன்னாளாம். “எண்ணே, மனசு தெரிஞ்சுதான் இருக்கு. கை கேக்க மாட்டேங்குது. வழுக்குச்சுன்னா அங்கனதான் போவுது.”

அந்தச் சிவப்புத் துணிக்கு நோட்டீஸ் வந்தது. ஆபத்தை அறிவிக்கும் அதிகாரம் வாரியத்துக்கு மட்டுமே உரியது. தனிநபர் ஆபத்து அறிவிப்பது பொதுமக்களிடையே பீதி கிளப்புவதாகும். அப்படியானால் நீங்களே அறிவியுங்கள் என்று பன்னிரண்டாவது மனு எழுதினேன். ஆபத்து இல்லாத இடத்தில் ஆபத்து என்று அறிவிக்க விதியில் இடமில்லை என்று பதில் எழுதி, ஆளனுப்பித் துணியை அவிழ்த்தார்கள். செருப்பையும் வீசினார்கள். கம்பத்தில் ஒரு தகரப்பலகை மாட்டினார்கள். பச்சை எழுத்து. ‘ஆய்வு செய்யப்பட்டது. ஸ்டே கம்பியில் மின்சாரம் இல்லை. இவண், மின்நல்கு வாரியம்.’

இதற்கிடையில் குற்றாலத்தில் வாரியத்தின் பாதுகாப்பு வார விழா வந்தது. சேக் மைதீனுக்கு அழைப்பிதழ் வந்தபோது நான்தான் வாசித்துக் காட்டினேன். மாவட்டத்திலேயே அதிகப் புகார்களுக்குத் தீர்வு பெற்ற நுகர்வோர் என்று அவருக்குப் பொன்னாடை போர்த்தப் போகிறார்களாம். 

“எனக்கு வேண்டாம் அண்ணாச்சி. மலைல மேகம் எறங்கி நிக்கி. நான் இங்கன நிக்கணும்.”

“பெரிய பொறியாளர் வாராரு வேய். மேடையில ஏறுனா அவருகிட்ட நேரா சொல்லலாம். பதினாலு மனு செய்யாதத ஒரு வாய்வார்த்தை செய்யும்” என்றேன். ஆமாம், நான்தான் சொன்னேன். ஒன்றுக்கும் உதவாத இந்த வாயால் நான்தான் அந்த மனுசனைக் கிளப்பினேன். இன்றைக்கு நினைத்தாலும் என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

முருகம்மாளும் என் பக்கம் சேர்ந்துகொண்டாள். “போயிட்டு வாரும்ணே. ரெண்டு மணி நேரந்தான? நாங்க என்ன சின்னப் புள்ளைகளா? குழாய இங்கனயே சாத்தி வச்சிட்டுப் போரும். அந்தப் பொன்னாடைய மட்டும் எனக்குத் தந்துரணும், பால்கேன் தொடைக்க ஆகும்.”

குற்றாலத்தில் மண்டபம் நிறையக் கூட்டம். பாதி வாரியத்தின் ஊழியர்கள், மீதி அருவிக்கு வந்து மழைக்கு ஒதுங்கியவர்கள். மண்டபத்துக்கு வெளியே ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. வாரியத்தின் விழாவில் மின்தடை வந்தால் கேவலம் என்று வாரியமே வாடகைக்கு எடுத்ததாம். பெரிய பொறியாளர் முக்கால் மணி நேரம் பேசினார். சில பகுதிகள் எனக்கு இன்னும் மனப்பாடம்.

“நம் மாவட்டத்தில் சென்ற ஆண்டு மின்விபத்து எத்தனை? பூஜ்யம்! எப்படிச் சாதித்தோம்? ஒரு விபத்து நடந்தால் உடனே மின்விபத்து என்று எழுதிவிடுவதில்லை. அது மின்சாரம்தானா என்று முதலில் ஆராய்கிறோம். ஆராய்ந்து பார்த்ததில் இதுவரை ஒன்றுகூட மின்சாரமாக இருக்கவில்லை!”

கைதட்டினார்கள்.

“ஊழியர் பாதுகாப்பில் நமக்கு நிகர் நாம்தான். மின்சாரம் இருக்கும் இடத்துக்கு நம் ஊழியர் போவதே இல்லை. இதோ சேக் மைதீன் அவர்கள். பதினான்கு புகார், பதினான்குக்கும் தீர்வு! தீர்வு கிடைத்த பிறகும் ஒருவர் திரும்பத் திரும்ப வருகிறார் என்றால், நம்மீது அவருக்கு எவ்வளவு நம்பிக்கை இருக்க வேண்டும்!”

பொன்னாடை போர்த்தினார்கள். மைக் அவர் கைக்கு வந்தது. “ஐயா, அந்தக் கம்பில இன்னைக்கும்...” என்று ஆரம்பித்தார். தளவாய் பக்கவாட்டிலிருந்து மைக்கை நாசூக்காக வாங்கி, “பாய் நன்றி சொல்ல வார்த்தை இல்லாமத் தவிக்காங்க” என்றார். போட்டோ எடுத்தார்கள். அந்த நேரத்தில் மண்டபத்துக் கூரைத் தகரத்தில் சடசடவென்று சாரல் விழுந்தது. மேடையில் இருந்த அத்தனை பேரும் கேமராவைப் பார்த்துக்கொண்டிருக்க, சேக் மைதீன் மட்டும் கூரையைப் பார்த்தார். போட்டோவில் அப்படித்தான் இருக்கிறார்.

பொன்னாடையோடு மேடையிலிருந்து குதித்து ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். ஆட்டோ பிடித்தோம். பாதி வழியில் மாரிச்செல்வியின் போன் வந்தது. அழுகைச் சத்தம் மட்டும் வந்தது.

முருகம்மாளைப் பலகைக்குப் பக்கத்தில் படுக்க வைத்திருந்தார்கள். வழுக்கியிருக்கிறாள். கை பழகின இடத்துக்குப் போயிருக்கிறது. வலது உள்ளங்கை கருகியிருந்தது. கேன் வாய்க்காலில் கிடந்தது, பால் எப்போதோ தண்ணீரோடு போய்விட்டது. பிளாஸ்டிக் குழாய் சாத்தி வைத்த இடத்தில் அப்படியே இருந்தது. மேலே தகரப்பலகை மழையில் கழுவி விட்டதுபோல் பச்சையாக இருந்தது. சேக் மைதீன் கழுத்திலிருந்த பொன்னாடையை எடுத்து அவள்மேல் போர்த்தினார். பிறகு வாய்க்கால் கரையிலேயே உட்கார்ந்து சின்னப்பிள்ளை மாதிரி அழுதார். பக்கத்தில் போக எனக்குத் துணிச்சல் வரவில்லை.

உடலைக் கீறிப் பார்த்த டாக்டர் மின்சாரம் தாக்கியதால் மரணம் என்று எழுதிவிட்டார். வாரியம் அசரவில்லை. மூன்றாம் நாள் தளவாய் விசாரணைக்கு வந்தார். எல்.சி. வாங்கினார். பேச்சிராஜ் டெஸ்டர் வைத்தார்.  டெஸ்டர் எரியவில்லை. ஜீப்பின் பானட்டில் வைத்து அறிக்கை எழுதினார்கள். சம்பவ இடத்தில் மின்சாரம் இல்லை என்பது நான்கு ஆய்வுகளில் உறுதியாகிறது.

“டாக்டரே எழுதியிருக்காரே சார்” என்றேன்.

“அவரு மின்சாரம்னு எழுதியிருக்காரு. வாரியத்து மின்சாரம்னு எழுதலியே” என்றார் தளவாய். “மின்னலா இருக்கலாம். அதுக்கு வாரியம் என்ன செய்யும்?” கையேட்டை நானும் ஒரு தடவை புரட்டிப் பார்த்தேன். பயன்கள் என்ற இடத்தில் முருகம்மாளுக்கு இடமில்லை. இதரவில் சேர்ப்பார்களோ என்னவோ.

எல்.சி. முடிந்தது. ஊரில் கரண்டு வந்தது, மசூதி மைக் ஒரு தடவை கரகரத்தது. தூறலும் போட ஆரம்பித்தது. தளவாய் குடையை விரித்துக்கொண்டு ஜீப்பில் ஏறப் போனார். சேக் மைதீன் குறுக்கே வந்து நின்றார். மூன்று நாளாகச் சவரம் செய்யாத முகம், குரல் மட்டும் நிதானமாக இருந்தது.

“சார், மின்சாரம் இல்லன்னு எழுதிட்டீங்க. கையெழுத்தும் போட்டுட்டீங்க. போறதுக்கு முன்னால அந்தக் கம்பிய ஒரு தடவ புடிச்சிட்டுப் போங்க.”

“என்ன பாய் இது?”

“நானும் கூடப் புடிக்கேன் சார். ரெண்டு பேரும் சேந்து புடிப்போம். இல்லாததுக்கு எதுக்கு பயப்படணும்?”

அவர் தளவாயின் மேல் கை வைக்கவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு முழம் தள்ளித்தான் நின்றார். தளவாய்தான் பின்னாலேயே நகர்ந்து, குடையைப் போட்டுவிட்டு, ஜீப்பைச் சுற்றிக்கொண்டு ஓடி, டிரைவர் சீட்டுப் பக்கமாக ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். “யோவ், அதத் தொட்டா செத்துருவேன்யா!” என்று அவர் உள்ளேயிருந்து கத்தியது நாலு தெருவுக்கும் கேட்டது.

சாயந்திரமே போலீஸ் வந்து சேக் மைதீனைக் கூட்டிக்கொண்டு போனது. பணியிலிருந்த அதிகாரியைக் கொல்ல முயன்ற வழக்கு. சட்டையை மாட்டிக்கொண்டு நானும் ஓடினேன். மாரிச்செல்வியும் வந்தாள். ஏட்டையா நல்ல வயசாளி. வழக்கைப் பதிந்து முடித்துவிட்டு, குற்றம் சாட்டப்பட்டவர் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று வந்த புகாரை வாசித்தார்.

“...மேற்படி ஸ்டே கம்பியில் உயிரைக் கொல்லும் மின்சாரம் பாய்ந்துகொண்டிருந்ததையும், அதைத் தொட்டால் மரணம் நிச்சயம் என்பதையும் நன்கு அறிந்திருந்தும், மேற்படி சேக் மைதீன், மனுதாரரான உதவிப் பொறியாளர் தளவாய் ஆகிய என்னை அதைத் தொடும்படி வற்புறுத்தி...”

சேக் மைதீன் தலையை நிமிர்த்தினார். “ஐயா, அந்த எடத்த இன்னொரு தடவ வாசிங்க.”

ஏட்டையா வாசித்தார். 

“அது அந்த சார் சொல்லி எழுதினதா?”

“அவரே அவரு கைப்பட எழுதிக் குடுத்தது. வாரியத்து முத்திரையும் போட்டிருக்காரு.”

“இன்னொரு தடவ வாசிங்கய்யா.”

மூன்றாம் தடவை வாசிக்கும்போது மாரிச்செல்வி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். மூன்று மாதத்தில், பதினான்கு மனுவில், என்னால் வாரியத்தின் வாயிலிருந்து வாங்க முடியாத வாக்கியம் அது. கையேட்டுத் தமிழில், பிழையில்லாமல், முத்திரையோடு இருந்தது. அதை எழுத தளவாய்க்கு ஒரே ஒரு நிமிஷம் ஜீப்புக்குள் உட்கார வேண்டியிருந்தது, அவ்வளவுதான். 

“நல்லா எழுதியிருக்காரு. எங்கன கையெழுத்துப் போடணும்?” என்றார் சேக் மைதீன். போட்டார். பிறகு அந்தத் தாளில் ஒரு ஜெராக்ஸ் கேட்டார். இந்த ஸ்டேஷனில் கொலை முயற்சி வழக்கின் நகலைச் சந்தோஷமாகக் கேட்டு வாங்கியவன் நீர் ஒருத்தன்தான் என்று சொல்லியபடியே ஏட்டையா எடுத்துக் கொடுத்தார். சேக் மைதீன் அதை இரண்டாக மடித்து மாரிச்செல்வியின் கையில் வைத்தார்.

“இந்தா புள்ள. பத்திரமா வச்சிக்கோ. ஒங்க அத்தைக்கு எழுதிக் குடுத்துட்டாங்க.”

அவள் போன பிறகு அவரை உள்ளே பெஞ்சில் உட்கார வைத்தார்கள். ஜாமீனுக்கு யாரைப் பார்க்கலாம் என்று நான் பேச ஆரம்பித்தேன். அவர் கேட்டதாகத் தெரியவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே சாரல் விழத் தொடங்கியிருந்தது.

“அண்ணாச்சி” என்றார். “டியூஷன் விட்டுப் புள்ளைக வர்ற நேரம். கல்லுகிட்ட இப்ப யாரு நிக்கா?”

 பேனாவையும் தாளையும் பைக்குள் போட்டுக்கொண்டு வடகரைக்குப் பஸ் ஏறினேன். பதினைந்தாவது மனு இன்னும் எழுதவில்லை. தூறல் போட்டால் குழாயைப் பிடித்துக்கொண்டு நான்தான் அங்கே நிற்கிறேன்.